ஐராவதிக் கரையில் தோட்டத் தொழிலாளர் படை

(அல்வாலில் நடைபெற்ற தமிழ்த் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செகந்தராபாத் ராணுவக் குடியிருப்பை ஒட்டிய அல்வால், பொலாரம், திருமலகிரி வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, மதராஸ் படையைப் பின்தொடர்ந்து இங்கு வந்து குடியேறியவை. அவர்களுக்குப் படை என்பது பிழைப்பு. வெள்ளையன் படையில் சேர்ந்த அந்த முன்னோர்களை நாம் இகழ்வதில்லை. வறுமைதான் அவர்களை அங்கே நிறுத்தியது. அதே வறுமையால் மலேயாவுக்குக் கடல் கடந்த தமிழர்களோ, பின்னாளில் அந்த வெள்ளையனுக்கு எதிராகவே துப்பாக்கி ஏந்தினர். அவர்களைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

இந்திய தேசிய ராணுவம் என்றதும் நேதாஜியும், செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட ஷா நவாஸ் கான், பிரேம் சைகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் நினைவுக்கு வருகின்றனர். நேதாஜியுடன் நீர்மூழ்கிக் கப்பலில் பயணித்த ஆபித் ஹசன் ஹைதராபாத்துக்காரர் என்பதில் இந்நகரத்தார் பெருமை கொள்கின்றனர். அது தகும். எனினும் தளபதிகளின் பெயர் நிலைத்த அளவுக்கு, அவர்கள் பின்னே அணிவகுத்தவர்களின் பெயர் நிலைக்கவில்லை.

அவர்கள் யார்? மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள்; லயங்களில் பிறந்தவர்கள். அவர்களது போராட்டம் 1943இல் தொடங்கவில்லை. 1941ஆம் ஆண்டிலேயே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளியைவிடத் தமிழனுக்குக் கூலி குறைவு. இந்த வேறுபாட்டை ஒழிக்க வேண்டும் என்றனர். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றனர். தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

அடுத்த சில திங்களில் ஜப்பானியர் வந்தனர். ஆண்டை மாறினான்; அடிமைத்தனம் மாறவில்லை. சயாம்–பர்மா ரயில் பாதை அமைக்கத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் இழுத்துச் செல்லப்பட்டனர். காலராவும் பட்டினியும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வாரிச் சென்றன.

இந்தச் சூழலில்தான் 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் தொண்டர்களாகத் திரண்டனர். நாட்டுப்பற்று மட்டுமே காரணம் என்று அழகுபடுத்திச் சொல்ல வேண்டியதில்லை. மரண ரயிலிலிருந்து தப்பவும், ஒருவேளைச் சோற்றுக்காகவும் சேர்ந்தவர்கள் உண்டு. கங்காணியின் முன் கைகட்டி நின்றவன், சீருடை அணிந்து தலைநிமிர்ந்து நிற்க விரும்பிச் சேர்ந்ததும் உண்டு. இவையெல்லாம் உழைப்பாளியின் காரணங்களே.

இவர்கள் பெருமளவில் இடம்பெற்ற படைப்பிரிவுகளுள் ஒன்று, நேரு படை எனப்பட்ட நான்காம் கெரில்லா ரெஜிமெண்ட். அதன் தளபதி தில்லான். பர்மாவில் ஐராவதி ஆற்றின் கரையில் பகான், நியாங்கு ஆகிய இடங்களைக் காக்கும் பொறுப்பு அதனிடம் விடப்பட்டது. எதிரே வந்தது ஜெனரல் ஸ்லிமின் பதினான்காம் படை. 1945 பிப்ரவரி 14 அன்று அதன் ஏழாவது இந்திய டிவிஷன் ஆற்றைக் கடக்க முற்பட்டது. இரண்டாம் உலகப் போரில் எதிர்ப்பினிடையே நிகழ்ந்த மிக நீண்ட நதிக்கடப்பு என்று ஸ்லிம் கருதியது இதனையே.

நியாங்குவில் தென் லங்காஷயர் பட்டாளத்தின் படகுகள் நடு ஆற்றில் பழுதாகித் தத்தளித்தன. கரையிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. முதல் முயற்சி பெருஞ்சேதத்துடன் முறிந்தது. ஆனால் நேரு படைக்கு விமானமில்லை, டாங்கி இல்லை. எதிர்க்கரையிலிருந்து டாங்கிகளும் பீரங்கிகளும் பொழிந்த நெருப்பின் முன் நெடுநேரம் நிற்க இயலவில்லை. ஒரு பகுதியினர் சரணடைந்தனர். எஞ்சியோர் போப்பா மலைக்குப் பின்வாங்கினர். பின்னர் படையை விட்டு ஓடியவர்களும் உண்டு. பகானில் ஆற்றைக் கடந்து வந்தவர்கள் சீக்கிய ரெஜிமெண்ட் வீரர்கள்! இரு கரையிலும் ஏழை இந்தியனே நின்றான் என்பது ஏகாதிபத்தியத்தின் கொடுமை.

தோழர்களே, நம் இயக்கம் இங்கே ஒரு கேள்விக்கு நேர்மையாக விடை கூற வேண்டும். அன்றைய கம்யூனிஸ்டுக் கட்சி நேதாஜியைக் கடுமையாகச் சாடியது. அந்தச் சுடுசொற்கள் தவறு என்று பின்னாளில் இடதுசாரித் தலைவர்களே வெளிப்படையாகக் கூறினர். ஆயினும் ஜப்பானியப் பாசிசத்தைப் பற்றிய மதிப்பீடு தவறன்று. மரண ரயில் பாதையில் புதைந்த தமிழரே அதற்குச் சாட்சி. பாசிசத்தை வெறுப்பதும், அந்தத் தொண்டர்களை மதிப்பதும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல.

போரில் அவர்கள் தோற்றனர். தோல்வியோடு வரலாறு முடியவில்லை. 1945 நவம்பரில் செங்கோட்டை விசாரணை தொடங்கியதும் நாடே கொதித்தது. ஓர் இந்து, ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர் ஒரே கூண்டில் நின்றனர். 1946 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்த கப்பற்படை மாலுமிகள், தேசிய ராணுவக் கைதிகளின் விடுதலையையும் தம் கோரிக்கையாக வைத்தனர்.

மலேயாவில் அந்த நெருப்பு தொழிற்சங்கமாக மாறியது. தேசிய ராணுவத்தில் பணியாற்றிய எஸ்.ஏ. கணபதி, அகில மலேயத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1949 மே 4 அன்று ஆங்கிலேய அரசு அவரைக் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டது. தோட்டப் பெண்கள் நிறைந்த ஜான்சி ராணிப் படையை நடத்திய கேப்டன் லட்சுமி, கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, 2002இல் இடதுசாரிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றார்.

கிள்ளான் வேலைநிறுத்தம், ஐராவதிக் கரை, புடு சிறைத் தூக்குமேடை: இம்மூன்றும் ஒரே வர்க்கத்தின் ஒரே வரலாறு. இன்று நேதாஜியின் சீருடையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரோடு நின்ற முஸ்லிமையும் தோட்டத் தொழிலாளியையும் மறைக்க முயல்வோர் உளர். அந்த வரலாற்றை முழுமையாக எடுத்துரைப்பது நம் கடமை. உங்கள் குடும்பத்தில் பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ திரும்பிய முதியோரின் கடிதம், புகைப்படம், செவிவழிச் செய்தி எதுவாயினும் எழுதி வையுங்கள். கிளைக் கூட்டங்களில் பகிருங்கள். பெயரற்றுப் போனவர்களுக்கு நாம் செலுத்தும் செவ்வணக்கம் அதுவே.