மனைத்தோட்டம் ஈன்ற தேசிய மலர்



சிங்கப்பூர் செல்லும் நம்மவர் தேக்காவில் கால் வைக்காது திரும்புவது அரிது. சிராங்கூன் சாலையிலும் பஃபலோ சாலையிலும் மல்லிகையும் சாமந்தியும் சரம் சரமாய்த் தொங்கும். அவற்றுள் பல இந்தியாவிலிருந்து வானூர்தியில் வந்து இறங்கியவை. அதே நகரின் பெரிய மலரங்காடிகளிலோ ரனன்குலஸ் என்னும் வெளிநாட்டு மலரைக் காணலாம். மெல்லிய தாளை நூறு மடிப்பாக மடித்து வைத்தாற்போன்ற இதழடுக்கு அதற்கு உண்டு. அதன் பெயருக்கு இலத்தீன் மொழியில் ‘சிறு தவளை’ என்று பொருளாம்! அவ்வினத்துச் செடிகள் பல நீரோரத்தில் வளர்வதால் வந்த பெயர் என்பர்.

இம்மலரை நம் வீட்டு வாசலில் வளர்க்க இயலுமா எனத் தாய்மார் சிலர் நம்மை வினவினர். நாமும் ஆசை மிகுந்து கிழங்குகளை வாங்கி நட்டோம். பருந்தின் நகம் போன்ற அக்கிழங்கைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, நகநுனி கீழ்நோக்க நடுதல் வேண்டும். அவ்வாறே செய்தோம். மூன்றாம் வாரம் தோண்டிப் பார்த்தபோது கிழங்கு அழுகிக் கூழாகிக் கிடந்தது. பிழை கையில் அன்று, காலநிலையில்தான். மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையும் ஈரானும் அதன் தாயகம். முளைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகைக் குளிரும், பூக்கும் வரை ஏறத்தாழ மூன்று மாதத் தண்மையும் அதற்குத் தேவை. சிங்கப்பூரிலோ இரவிலும் வழக்கமாக 24 பாகை அளவில் வெப்பம் நிற்கிறது. 2012இல் திறக்கப்பெற்ற கரையோரப் பூந்தோட்டத்தில் குளிர்நாட்டுச் செடிகளுக்கென ஒரு மாபெரும் கண்ணாடி மாளிகையையே எழுப்பி, இரவு பகலாய்க் குளிரூட்டி வருகின்றனர். அச்செலவு நம் லயத்து வாசலுக்கு ஆகுமா?

ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. அதே சிங்கப்பூரின் தேசிய மலர் ஒரு பெண்மணியின் வீட்டுத் தோட்டத்தில் தோன்றியதாகும். அவர் பெயர் ஆக்னஸ் ஜோக்கிம். ஆர்மீனியக் குடும்பத்தில் 1854இல் பிறந்தவர். தஞ்சோங் பகாரில் வாழ்ந்தவர். கிந்தாப் பகுதிச் சதுப்புகளில் தானே முளைத்துக் கிடக்கும் ஓர் ஆர்க்கிட்டையும், பர்மா முதலிய நாடுகளில் வளரும் மற்றோர் ஆர்க்கிட்டையும் கலந்து அவர் புதுச்செடி ஒன்றைப் பெற்றார். கிந்தாவில் களையென்று மிதித்துச் சென்ற செடியன்றோ அது!

ஆர்க்கிட் விதை தூசி போன்றது; உள்ளே உணவுச் சேமிப்பு ஏதும் இல்லாதது. உடன் வாழும் ஒருவகைப் பூசணத்தின் துணையின்றி மண்ணில் முளைக்காது. ஆய்வுக்கூடக் குப்பிகளில் அதை வளர்க்கும் முறை 1920களில்தான் வந்தது. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே, எவ்விதக் கருவியுமின்றி, தம் கொல்லையில் அதனைப் பூக்கச் செய்தார் அவ்வம்மையார்.

பூத்த மலரை அவர் யாரிடம் காட்டினார் தெரியுமா? சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லியிடம். இப்பெயர் பால்மரம் சீவும் நமக்கு அந்நியமன்று. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளின் வழியே இந்நாட்டு ரப்பர் பெருகியது. மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும், சட்டைப்பையில் விதையைத் திணித்துத் தோட்ட முதலாளிகளை நச்சரித்துப் ‘பித்தர் ரிட்லி’ எனப் பெயர் வாங்கியவரும் அவரே. காலையில் நம் கைக்கத்தி செல்லும் வழியும் அம்மலர் உலகறிந்த வழியும் ஒரே மனிதரிடம் வந்து கூடுகின்றன.

ரிட்லி 1893இல் அம்மலரை விவரித்து எழுதினார். ஜோக்கிம் அம்மையாரே அதனைக் கலந்து உருவாக்கினார் என்றும் தெளிவாகக் குறித்தார். 1899ஆம் ஆண்டு மலர்க்காட்சியில் அரிய ஆர்க்கிட்டுக்கான முதற்பரிசு அதற்குக் கிட்டியது. அவ்வாண்டிலேயே, 45ஆம் வயதில், புற்றுநோயால் அவர் மறைந்தார். பிற்காலத்தில் சிலர், ‘அவர் கலக்கவில்லை, தேனீ செய்த வேலை, மூங்கிற் புதரிடையே தற்செயலாகக் கண்டெடுத்தார்’ என்று எழுதலாயினர். வீட்டுப் பெண் ஒருத்தியால் ஆகுமா என்னும் ஐயம் அதில் ஒளிந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம். 1981இல் ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ தேசிய மலரான பின்னரும் அப்பேச்சு ஓயவில்லை. 2016இல்தான் சிங்கப்பூர் அரசு அமைப்புகள் அவரையே அம்மலரை உருவாக்கியவர் என ஏற்றன. உரிமை மீள நூறாண்டுக்கு மேலாயிற்று.

இனி வளர்க்கும் வகை. விதை வேண்டாம், தண்டின் நுனியை, இரண்டு மூன்று காற்று வேர்களோடு, ஒன்றரை அடிக்குக் குறையாமல் வெட்டி எடுத்தால் போதும். ஒரு கம்பை ஊன்றி அதனோடு தளர்வாகக் கட்டுக. அடியில் தேங்காய் மட்டையும் காய்ந்த தழையும் பரப்பி, நன்கு மக்கிய சாணத்தை அவ்வப்போது இடுக. பால்மர நிழலில் இது பூக்காது. நாள் முழுதும் வெயில் படும் இடமே வேண்டும். காலையில் நீர் தெளித்தல் நன்று. ஆனால் தொட்டியின் கீழ்த்தட்டில் நீரைத் தேங்க விடாதீர்கள். கவிழ்க்காத பால் மங்கில் எவ்வாறு கொசு பெருகுமோ, அவ்வாறே அங்கும் டெங்கிக் கொசு பெருகும். சிங்கப்பூரில் வீட்டுக்குள் கொசுப்புழு காணப்பட்டால் அபராதமே உண்டு.

பூ எப்போது வரும்? தண்டின் நுனி கம்பின் உச்சியைத் தாண்டி ஓரடிக்கு மேல் எழுந்து நின்ற பின்னரே மொட்டு விடும். இதை அறியாது, ‘மலட்டுச் செடி’ என்று பிடுங்கி எறிந்தோர் பலர். மொட்டு விட்டபின் ஒரு காம்பில் பன்னிரண்டு வரை தோன்றும். ஒரு வேளையில் நான்கு மலர்கள் விரிந்து நிற்கும். கம்பு நெடிதாயின் பூவும் தாமதிக்கும். ஆதலின் முதன்முறை நடுவோர் நெஞ்சளவுக் கம்பையே ஊன்றுக.