பார்டர்லைன் என்றால் ‘லேசாக’ என்று அர்த்தமில்லை

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டம் முடிந்ததும், நம் குடியிருப்பில் வசிக்கும் மனநல ஆலோசகர் ஒருவர் கிளப் ஹவுஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசிக் களைத்திருக்கிறீர்கள். காபி வரும்வரை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர்.

பார்டர்லைன் என்றதும் நம்மில் பலருக்கு ‘பார்டர்லைன் சுகர்’தான் நினைவுக்கு வரும். இன்னும் முழுசாக வரவில்லை, வாயைக் கட்டினால் போதும் என்பது போல. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு அப்படியல்ல. நியூரோசிஸ், சைக்கோசிஸ் என்ற இரண்டு வகைகளில் எதிலும் அடங்காமல் எல்லையில் நின்ற நோயாளிகளைப் பற்றி 1938-இல் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். அந்தக் கருத்து பிறகு மாறிவிட்டது; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் தனி நோயாக இடம்பிடித்தது.

அந்தக் கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற தீராத பயம். ஒருவரை இன்று தெய்வமாகவும் நாளை துரோகியாகவும் பார்ப்பது. நான் யார் என்றே பிடிபடாமை. யோசிக்காமல் செலவழிப்பது, வண்டியைத் தாறுமாறாக ஓட்டுவது போன்ற அவசரச் செயல்கள். தன்னையே காயப்படுத்திக்கொள்வது அல்லது தற்கொலை எண்ணம். மணிக்கணக்கில் மாறும் மனநிலை. உள்ளே ஒரு வெறுமை. அடங்காத கோபம். நெருக்கடியில் சற்று நேரம் எல்லாரையும் சந்தேகிப்பது, அல்லது தன்னிலிருந்தே விலகி நிற்பது போன்ற உணர்வு.

ஒன்பதில் ஐந்து நீண்டகாலமாக இருந்தால் இந்த நோய் என்கிறார்கள். நம் பிளாக்கில் கணக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், போட்டுப் பார்க்கட்டும்: ஐந்தோ அதற்கு மேலோ சேரக்கூடிய விதங்கள் 256. ஒரே நோய் கொண்ட இருவருக்கு ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம். ‘எனக்குத் தெரிந்த ஒரு பொண்ணு அப்படித்தான்’ என்று ஒருவரை வைத்து இன்னொருவரை எடைபோட முடியாமல் போவது இதனால்தான்.

இரண்டு கற்பனை ஆட்களைச் சொல்கிறேன். ஒருவர், கணவர் போனை எடுக்கவில்லை என்றால் இருபது முறை அழைப்பார். அவர் வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் பறக்கும். ஒரு மணி நேரம் கழித்து, ‘என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க’ என்று அழுவார். பக்கத்து ஃபிளாட்டுக்கு முதல் பாதி மட்டும் கேட்கும். இன்னொருவர், ஐ.டி.யில் வேலை பார்க்கும் இளைஞர். லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார், பொங்கல் கோலப்போட்டிக்கு நாற்காலி தூக்கிப் போடுவார். நண்பன் ஒருவன் பதில் போடவில்லை என்றால் தன்மீதே பழி போட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்கத் தன்னை வெறுத்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு மறுநாள் வேலைக்குப் போவார். அவர்மீது யாரும் புகார் கொடுக்க மாட்டார்கள். எனக்குக் கவலை அதிகம் இவரைப் பற்றித்தான்.

ஆண்களுக்கு இது வராது என்றொரு நினைப்பு இருக்கிறது. வரும். பல சமயம் குடி, அடிதடி என்று வேறு பெயர் வைத்து விட்டுவிடுகிறோம். பைபோலாருடனும் குழப்பிக்கொள்வார்கள். பைபோலாரில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். இதில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பெரும்பாலும் உறவில் ஏதோ ஒன்று தட்டியதும் மாறும்.

‘நடிக்கிறா’, ‘எல்லாரையும் ஆட்டி வைக்கிறான்’ என்று சொல்லாதீர்கள். தோல் இல்லாத உடம்பில் காற்று பட்டாலே எரியும் அல்லவா, அப்படித்தான் அவர்கள் மனசு. பிறவியிலேயே சற்று கூடுதலான உணர்ச்சிவேகம், சிலருக்குச் சிறுவயதுக் கொடுமைகள் எனக் காரணங்கள் பல. வளர்ப்பு சரியில்லை என்று ஒரே வரியில் பெற்றோரை நிறுத்திவைப்பதும் அநியாயம்.

சிகிச்சை உண்டா? உண்டு. இதற்கென்று தனி மாத்திரை இல்லை. பேச்சுவழிச் சிகிச்சைதான் முதன்மை. அதில் பெயர்பெற்ற டி.பி.டி. முறையை உருவாக்கியவர் மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர். தானே பதினேழு வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவள் என்று 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஆண்டுக்கணக்கில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில் பெரும்பாலானோருக்கு அறிகுறிகள் தணிந்திருக்கின்றன. உறவையும் வேலையையும் நிலைநிறுத்திக்கொள்ளத்தான் கூடுதல் காலம் பிடிக்கிறது.

இனி நம் விஷயம். ராத்திரி பதினொரு மணிக்குச் சத்தம் கேட்டால் உடனே வாட்ஸ்அப் குழுவில் ஃபிளாட் எண்ணைப் போடுகிறோம். போடாதீர்கள். ஆபத்து என்று தோன்றினால் செக்யூரிட்டியையும், தேவைப்பட்டால் 112-ஐயும் கூப்பிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் ஒருவர் மட்டும் போய், ‘நேற்று கஷ்டமாக இருந்ததா?’ என்று கேளுங்கள். சத்தத்தைப் பற்றியும் சொல்லலாம், தப்பில்லை, தனியாக, அமைதியாக. ‘செத்துப்போகலாம்போல இருக்கு’ என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாமல் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா சீட்டு அனுப்பியிருக்கிறார்: ‘என் மகளுக்குப் பதினைந்து வயது, ஒரு நேரம் சிரிப்பு, ஒரு நேரம் எரிச்சல். இதுவா?’ இந்த இரண்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதம்மா. அந்த வயதில் பல பிள்ளைகள் அப்படித்தான். ஆனால் கையில் காயம் தெரிந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ், 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். காபி வந்துவிட்டது; தனியாகப் பேச நினைப்பவர்களுக்காக நூலக அறையில் ஏழரை மணிவரை இருப்பேன்.