ஒளி தரும் ஒட்டுண்ணி



களவு போன வீட்டில் முதலில் எழும் வினா, கள்வன் எவ்வழியால் வந்தான் என்பதே. வழி தெரியாதவரை எந்தக் கதவுக்குப் பூட்டுப் போடுவது என்பதும் தெரியாது. மலேரியாக் காய்ச்சலைப் பொறுத்தவரை மனிதகுலம் நெடுங்காலம் இந்நிலையிலேயே இருந்தது. கள்வனை அறிந்தோம், அவனை ஏற்றிவரும் நுளம்பையும் அறிந்தோம், ஆயினும் நம் உடலுள் நுழைந்தவுடன் அவன் எங்கே தங்குகின்றான், எவ்வாறு நகர்கின்றான் என்பதைக் கண்ணாற் கண்டவர் இலர். அக்குறை தீர்ந்த வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

1880 ஆம் ஆண்டில், அல்ஜீரியாவிற் பணியாற்றிய லவரான் என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர், நோயாளியின் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியை முதன்முதலிற் கண்டார். 1897 இல் ரொனால்ட் றொஸ், செக்கந்திராபாத் நகரில் நுளம்பின் வயிற்றுச் சுவரில் அதனைக் கண்டார். மறு ஆண்டு, கல்கத்தாவிற் பறவைகளின் மலேரியாவை ஆராய்ந்து, அது நுளம்பின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து கடியினாற் பரவுவதை நிறுவினார். 1948 இல் ஷோர்ட், கார்ணம் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர், ஒட்டுண்ணி குருதியைத் தாக்குமுன் ஈரலில் மறைந்திருந்து பெருகுகின்றது எனக் காட்டினர்.

எனினும் ஓரிடைவெளி எஞ்சியது. நுளம்பு கடித்த கணத்துக்கும் ஒட்டுண்ணி ஈரலை அடையும் கணத்துக்கும் இடையில் நிகழ்வது யாது? நுளம்பின் ஊசி போன்ற வாய் ஒட்டுண்ணியை நேரே குருதியிற் செலுத்திவிடுகின்றது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தைச் சோதிப்பதும் எளிதன்று. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்ப்பதற்காக வெட்டிச் சாயமூட்டிய தசைத் துண்டு உயிரற்றது. அதில் ஓட்டமும் நடமாட்டமும் இல்லை. மேலும், ஒரு கடியிலே உட்செல்லும் ஒட்டுண்ணிகள் மிகச் சில. வைக்கோற் போரில் விழுந்த ஊசியைத் தேடுவது இதனிலும் எளிது.

உதவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பசுபிக் கரையோரக் கடலில் வாழும் ஒருவகை இழுதுமீன் ஒளிரும் இயல்புடையது. அதனை ஆராய்ந்த ஒசாமு ஷிமோமுறா என்னும் யப்பானிய அறிஞர், நீல ஒளி பட்டாற் பச்சையாய் ஒளிரும் புரதம் ஒன்று அதிலுண்டு என 1962 இல் அறிவித்தார். மலேரியாவை ஒழிக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததில்லை. இழுதுமீன் ஏன் ஒளிர்கின்றது என்பதே அவர்தம் வினா. 1994 இல் மார்ட்டின் சால்ஃபி என்பவர், அப்புரதத்தை ஆக்கும் பரம்பரையலகை வேறோர் உயிரிற் புகுத்தினால் அவ்வுயிரும் ஒளிரும் எனக் காட்டினார். இவ்விருவருக்கும், அப்புரதத்தைப் பல நிறங்களில் ஒளிரச் செய்த றொஜர் சியென் என்பவருக்கும் 2008 இல் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது.

இப்பரம்பரையலகையே ஆய்வாளர் மலேரியா ஒட்டுண்ணியினுட் புகுத்தினர். மனிதரைத் தாக்கும் இனத்தை அன்று. கொங்கோ நாட்டின் கட்டங்காப் பகுதியில் வாழும் காட்டெலிகளில் 1948 இற் கண்டறியப்பட்ட இனத்தையே எடுத்தனர். அவ்வினம் மனிதரிடத்து நோய் விளைப்பதில்லை. ஒளிரும் ஒட்டுண்ணியைச் சுமந்த நுளம்பு, மயக்கமூட்டப்பட்ட சுண்டெலியின் மெல்லிய காதிலே கடிக்கும். ஆய்வாளர் அவ்விடத்தை நுணுக்குக்காட்டி வழியே நோக்குவர். இருண்ட தோலினுள்ளே பச்சைப் புள்ளிகள் நெளிந்து செல்வதை உயிரோடு காணும் பேறு இங்ஙனம் கிட்டியது.

கண்டது யாது? நியூயோர்க் பல்கலைக்கழகத்தவர் 2004 இலும், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தவர் 2006 இலும் வெளியிட்ட ஆய்வுகள் பழைய கருத்தைத் திருத்தின. நுளம்பு ஒட்டுண்ணிகளைப் பெரும்பாலும் தோலிலேயே விடுகின்றது. அவை வினாடிக்கு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு, இரண்டு பங்கு என்னும் வேகத்தில் ஊர்ந்து குருதிக் குழாயைத் தேடுகின்றன. சில அதனை அடைந்து ஈரலுக்குச் செல்கின்றன; வேறு சில நிணநீர்க் குழாயுட் புகுந்து வழி தவறுகின்றன; இன்னுஞ் சில தோலிலேயே தங்கிவிடுகின்றன. கள்வன் நேரே அறையினுட் குதிப்பதில்லை. முற்றத்திலே சிறிது நேரம் தடுமாறுகின்றான்.

அத்தடுமாற்றமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. எதிர்ப்புப் பொருள் முன்னரே உடலில் இருக்குமாயின், ஒட்டுண்ணி தோலிலேயே அசைவிழந்து நிற்பதை நியூயோர்க் ஆய்வாளர் கண்டனர். உலக சுகாதார நிறுவனம் 2021 இலும் 2023 இலும் சிறுவர்க்கெனப் பரிந்துரைத்த இரு தடுப்பு மருந்துகளும், இதே பருவத்து ஒட்டுண்ணியின் மேற்புறப் புரதத்தையே குறிவைக்கின்றன. முதல் மருந்தின் ஆக்கம் ஒளிரும் ஒட்டுண்ணிக்கு முன்னரே தொடங்கியது. ஆயினும் அத்தகைய காவல் எவ்விடத்திற் செயற்படவல்லது என்பதைக் காட்டியது இந்த ஒளியே.

கொடிய கிருமியின் இயல்பை மாற்றுவது தகுமோ எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் இகழத்தக்கதன்று. இவ்வொளி ஒட்டுண்ணிக்கு அடையாளம் இடுகின்றதேயன்றி, அதன் கொடுமையைக் கூட்டுவதற்காகப் புகுத்தப்பட்டதன்று. ஆயினும் அது காவலுள்ள ஆய்வுகூடத்திலேயே இருத்தல் வேண்டும். எலியிற் கண்டதெல்லாம் மனிதர்க்கும் பொருந்தும் எனக் கொள்ளலும் ஆகாது. அதற்கு வேறு சான்றுகள் வேண்டும்.

இவை நமக்கு எட்டாத செய்திகள் அல்ல. 1934-35 இல் இந்நாட்டைத் தாக்கிய மலேரியாவால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது; போர் முடிந்தது என எண்ணிக் காவலைத் தளர்த்தினோம். 1969 இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. மீண்டும் பல்லாண்டு உழைத்து, 2016 இல் மலேரியா அற்ற நாடு என்னும் சான்றிதழைப் பெற்றோம். நோய் நீங்கினாலும் அதனைப் பரப்பவல்ல நுளம்பு நீங்கவில்லை. உலகிலோ 2023 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்கக் குழந்தைகள்.

ஒளி தானாக நோயைத் தீர்ப்பதில்லை. காவல் எங்கே வேண்டும் என்பதை மட்டுமே அது காட்டும். காட்டிய இடத்திற் காவல் நிற்பதும், நோய் குறைந்த பின்னரும் அக்காவலைக் கைவிடாதிருப்பதும் மனிதர் கடன்.