கொரோனா போனது, மூச்சு திரும்பவில்லை
(நோர்வூட்டில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



2021 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களை நாம் மறக்கவில்லை. டெல்டா வைரஸ் நாடெங்கும் பரவிய காலம். "தனியாக இருங்கள்" என்றார்கள். 10க்கு 12 அடி லயக் காம்பிராவில் எங்கே தனியாக இருப்பது?

காய்ச்சல் போய்விட்டது. ஆனால் சிலருக்கு மூச்சு பழையபடி வரவில்லை. கொழுந்தைச் சுமந்து ஏற்றம் ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர். அதோடு சோம்பேறி என்ற பட்டமும் கிடைக்கிறது. இது சோம்பல் இல்லை, நுரையீரலுக்குள் நடந்த மாற்றமாக இருக்கலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

நுரையீரலில் கோடிக்கணக்கான சின்னக் காற்றுப் பைகள் உண்டு. அவற்றின் சுவரில் இரண்டு வகைக் கலங்கள். (பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் அதே கலம்தான்.) ஒன்று தட்டையானது, மிக மெல்லியது, அதன் வழியாகத்தான் ஒட்சிசன் இரத்தத்துக்குப் போகிறது. மற்றது உருண்டையானது. பை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு திரவத்தைச் சுரக்கும். தட்டைக் கலம் செத்தால், உருண்டைக் கலம் பெருகி, தானே தட்டையாகி அந்த இடத்தை நிரப்பும். கொரோனா வைரஸ் அந்த உருண்டைக் கலத்துக்குள்தான் புகுகிறது. காயத்தை ஆற்ற வேண்டியதையே அடிக்கிறது.

கவ்வாத்து வெட்டிய மலையை நினைத்துப் பாருங்கள். துளிர் வந்தால் மலை பச்சையாகிவிடும். செடி பட்டுப்போன இடத்தில் மானாப்புல்தான் ஏறும். கொரோனாவால் இறந்தவர்களின் நுரையீரலை ஆராய்ந்தவர்கள், உருண்டையாகவும் இல்லாமல் தட்டையாகவும் மாறாமல் பாதியில் நின்றுபோன கலங்களைக் கண்டார்கள். அப்படி ஆறாத இடத்தில் நார் உண்டாக்கும் வேறு கலங்கள் பெருகி, சுவர் தடித்துத் தழும்பாகிவிடுகிறது. தழும்பு விரியாது, ஒட்சிசனையும் லேசில் விடாது. இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. மலை ஏறும்போது தெரியும்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, பயப்பட வேண்டாம். ஒட்சிசன் வைக்கும் அளவுக்குப் படுத்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். அவர்களிலும் பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. முற்றிய தழும்பை அழிக்க மருந்து இல்லை; பரவுவதை மெதுவாக்கும் மருந்தும் மூச்சுப் பயிற்சியும் உண்டு. 2020 ஓகஸ்டில் சென்னையில் கொரோனாவால் நுரையீரல் கெட்ட ஒருவருக்கு இரண்டு நுரையீரலையும் மாற்றி வைத்தார்கள். அது நம் கைக்கு எட்டுகிற வைத்தியமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. மூச்சு வாங்குவதெல்லாம் கொரோனாத் தழும்பு என்று நாமே முடிவு கட்டக்கூடாது. இரத்தக் குறைவு, இருதய வருத்தம், ஆஸ்துமா, வருடக்கணக்கில் விறகடுப்புப் புகை எல்லாமே மூச்சு வாங்க வைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை கட்டாயம். தோட்ட மருந்துச்சாலையில் தரும் பனடோலோடு திரும்பி வராதீர்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய், "கொரோனா வந்தது, அதற்குப் பிறகுதான் இப்படி" என்று டொக்டரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் தெரியாத தழும்பு சி.டி. ஸ்கேனில் தெரியலாம், அது தேவையா என்று கேளுங்கள். பீடி, சுருட்டை விடுங்கள்.

டொக்டர் பாரமான வேலை கூடாது என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் துண்டைப் பிரதி எடுத்துத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். அப்படிப்பட்டவருக்கு ஏற்றமில்லாத மலையோ இலகு வேலையோ கொடு, அரைப்பேர் போடாதே என்பது நம் கோரிக்கை. துரையிடம் வெறும் வாய்ப்பேச்சாகப் போக முடியாது. பெயர், டிவிசன், கிளினிக் கொப்பி, அரைப்பேர் விழுந்த நாட்கள் இவ்வளவும் வேண்டும். கொப்பி எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வையுங்கள். அடுத்த சம்பள நாளுக்கு முன் டிவிசன் டிவிசனாக வந்து வாங்கிக்கொள்கிறோம்.