வளமும் உழைப்பும்: கனடிய அரசியற் சொல்லாடலில் தொழிலாளரின் இடம்



மொழிக்கென அமைந்த ஓர் அவையில் கனடாவின் எண்ணெயையும் மீனையும் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அரசியல் விவாதம் சொற்களால் நடப்பது. ஒரு பொருளுக்கு எந்தப் பெயரை இடுகிறோம், ஒரு வாக்கியத்தில் யாரை எழுவாயாக வைக்கிறோம் என்பவற்றைப் பொறுத்தே அவ்விவாதத்தில் எது கேள்வியாகும், எது கேள்வியாகாமலே போகும் என்பது முடிவாகிறது. கனடாவில் இதனைத் தெளிவாகக் காண முடிகிறது. அந்நாட்டோடு நம் வட்டாரத்திற்கு நேர்த்தொடர்பும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிட்டிமாட் துறைமுகத்திலிருந்து 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஆசியாவை நோக்கிப் புறப்படத் தொடங்கிய திரவ இயற்கை எரிவாயுத் திட்டத்தில் மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனமும் ஒரு பங்குதாரர்.

இன்று நாம் ஆராயவிருக்கும் கருத்து ஒன்றே. கனடாவில் வளம் பற்றிய விவாதம் பெரும்பாலும் மாகாணத்திற்கும் கூட்டரசுக்கும் இடையிலான வழக்காகவே பேசப்படுகிறது. முதலுக்கும் உழைப்புக்கும் இடையிலான வழக்கு அதன் அடியில் மறைந்துவிடுகிறது. எல்லாக் கட்சிகளும் தொழிலாளரின் பெயரைச் சொல்கின்றன. அவரை எழுவாயாக வைத்துப் பேசுவதோ அரிதாகிவிட்டது.

சரக்கின் வழியே அமைந்த நாடு

கனடியப் பொருளியல் வரலாற்றை எழுதியவர்களுள் முதன்மையானவர் ஹாரல்ட் இன்னிஸ். கனடாவின் மென்மயிர்த் தோல் வணிகத்தைப் பற்றி 1930இலும், காட் மீன்பிடிப்பைப் பற்றி 1940இலும் அவர் நூல்கள் வெளியிட்டார். பீவர் தோல், மீன், மரம், கோதுமை என ஒவ்வொரு காலத்திலும் ஒரு தலைமைச் சரக்கு அந்நாட்டின் போக்குவரத்தையும் குடியேற்றத்தையும் ஆட்சியமைப்பையும் உருவாக்கியது என்பது அவர் காட்டிய உண்மை. சரக்கு உள்நாட்டில் கிடைக்கிறது. அதன் விலையோ வெளிநாட்டுச் சந்தையில் முடிவாகிறது. அதனை ஏற்றிச் செல்லத் தொடர்வண்டிப் பாதைகளும் துறைமுகங்களும் கடன் வாங்கி அமைக்கப்படுகின்றன. விலை விழுந்தாலும் கடன் விழுவதில்லை. ஆகவே, விலை குறையும்போதும் மேலும் தோண்டியே தீரவேண்டிய நிலை உண்டாகிறது. 1963இல் மெல் வாட்கின்ஸ் இக்கருத்தை ஒரு வளர்ச்சிக் கோட்பாடாக விரித்து எழுதினார்.

இவ்வமைப்பின் மீது சட்டமும் ஒரு கோட்டைக் கிழித்திருக்கிறது. கனடிய அரசமைப்பின்படி அரசு நிலங்களும் அவற்றிலுள்ள கனிமங்களும் மாகாணங்களுக்கு உரியவை. ஆல்பர்ட்டா, சஸ்காட்சுவான், மனிடோபா ஆகிய சமவெளி மாகாணங்களுக்கு இவ்வுரிமை 1930இல்தான் கிடைத்தது. 1947இல் ஆல்பர்ட்டாவின் லெடூக் என்னும் இடத்தில் பெரும் எண்ணெய்வளம் கண்டறியப்பட்டபோது அவ்வுரிமையின் மதிப்பு பன்மடங்காயிற்று. 1980இல் பியேர் ட்ரூடோவின் கூட்டரசு தேசிய எரிசக்தித் திட்டத்தைக் கொண்டுவந்து, உள்நாட்டு எண்ணெய் விலையைக் கட்டுப்படுத்தியது. வருவாயில் கூடுதல் பங்கும் கேட்டது. ஆல்பர்ட்டாவின் முதலமைச்சர் பீட்டர் லஹீட் இதனைக் கடுமையாக எதிர்த்தார். பின்னர் வந்த மல்ரோனி அரசு 1985இல் அத்திட்டத்தைக் கலைக்கத் தொடங்கியது. 1986இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. இன்றும் ஆல்பர்ட்டாவில் அப்பத்தாண்டின் துயரங்களுக்குப் பெயராக நிற்பது ஒட்டாவாவின் அத்திட்டமே. உலகச் சந்தையின் பெயர் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. சந்தைக்கு முகம் இல்லை. ஒட்டாவாவுக்கு முகம் உண்டு.

மாகாண உணர்வு பொய்யானது என்று நாம் கருதவில்லை. சட்டமும் வரலாறும் அதற்கு உண்மையான அடித்தளம் தந்துள்ளன. ஆயினும் அது எவ்வளவு வலிமையானது என்பதற்கு 2018ஆம் ஆண்டு ஒரு சான்று. டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாயை விரிவாக்கும் திட்டம் ஆல்பர்ட்டாவிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியக் கடற்கரைக்குச் செல்வது. அப்போது இரு மாகாணங்களையும் ஆண்டது தொழிலாளர் இயக்கத்தோடு பிணைந்து பிறந்த ஒரே கட்சியாகிய புதிய சனநாயகக் கட்சி. ஆல்பர்ட்டாவில் ரேச்சல் நோட்லி குழாயை ஆதரித்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் ஹோர்கன் எதிர்த்தார். பிரிட்டிஷ் கொலம்பிய வைனை ஆல்பர்ட்டா சிறிது காலம் தடைசெய்யும் அளவுக்குப் பூசல் முற்றியது. அவ்வாண்டிலேயே கூட்டரசு அக்குழாயை 450 கோடி டாலருக்கு வாங்கிற்று. 2024இல் விரிவாக்கம் நிறைவுற்றபோது செலவு ஏறத்தாழ 3,400 கோடி டாலரை எட்டியிருந்தது. இடரைப் பொதுமக்கள் ஏற்றுக்கொண்டனர். ஆனால், மேற்கா கிழக்கா, மலையா கடலா என்ற கேள்விகளுக்கு நடுவே, இடர் யாருக்கு, ஆதாயம் யாருக்கு என்ற கேள்வி மெலிந்தே ஒலித்தது.

ஒரு பொருள், இரு பெயர்கள்

ஆல்பர்ட்டாவின் வடபகுதியில் மணலோடு கலந்து கிடப்பது பிட்டுமென் என்னும் கெட்டியான பொருள். 1920களில் கார்ல் கிளார்க் என்னும் ஆய்வாளர் வெந்நீரால் அதனைப் பிரித்தெடுக்கும் முறையை வளர்த்தெடுத்தார். ஃபோர்ட் மெக்மரி நகருக்கு அருகே 1967இல் முதற்பெரும் வணிக ஆலை இயங்கத் தொடங்கியது. அம்மணலைத் தார் மணல் என்று அழைப்பது ஒரு காலத்தில் இயல்பான வழக்கு. அதில் பழிப்பு ஏதும் இருக்கவில்லை. பின்னர் நிறுவனங்களும் அரசும் எண்ணெய் மணல் என்ற பெயரை நிலைநாட்டின. சூழலியலாளர் தார் மணல் என்பதை விடாமல் வைத்துக்கொண்டனர். வேதியியல் நோக்கில் அது தாரும் அன்று. குழாயில் எளிதாக ஓடும் எண்ணெயும் அன்று. இன்று ஒருவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதிலேயே அவருடைய அணி தெரிந்துவிடுகிறது. அவர் அடுத்துச் சொல்லப்போகும் காரணங்களைக் கேட்கப் பலர் காத்திருப்பதில்லை.

இப்பெயர்ப் போரில் அகப்படுபவர் அங்கே வேலை செய்பவர். கனரக வண்டி ஓட்டும் ஒருவர் தார் மணல் என்ற பழிப்பைக் கேட்கும்போது, நிறுவனத்தைக் குறித்த குற்றச்சாட்டாக அது அவர் காதில் விழுவதில்லை. தம் உழைப்பையும் குடும்பத்தையும் குறித்ததாகவே விழுகிறது. உடனே அவர் நிறுவனத்தின் பக்கம் போய் நிற்கிறார். 2012இல் புதிய சனநாயகக் கட்சித் தலைவர் தாமஸ் மல்கேர் டச்சு நோய் என்ற பொருளியற் கலைச்சொல்லை எடுத்தாண்டபோதும் இதுவே நேர்ந்தது. வள ஏற்றுமையால் ஒரு நாட்டின் நாணய மதிப்பு உயர, பிற உற்பத்தித் தொழில்கள் நலிவதையே அச்சொல் குறிக்கிறது. எண்ணெயால் கனடிய டாலர் உயர்ந்து, ஒன்டாரியோ, கியூபெக் ஆலைகள் வேலைகளை இழக்கின்றன என்பது அவர் வாதம். அது எந்த அளவுக்கு உண்மை என்பதைப் பொருளியலறிஞர்கள் ஆராய்ந்தனர். பொதுமேடையிலோ, மேற்கு மாகாணங்களை நோய் என்று அவர் இழித்துவிட்டதாகவே பேசப்பட்டது. வின்சரில் கார் பூட்டுபவரும் மெக்மரியில் வண்டி ஓட்டுபவரும் ஒரே சந்தையின் இருமுனைகளில் நிற்பவர்கள் என்ற செய்தி அவ்விரைச்சலில் கேட்காமற்போயிற்று.

எந்த வேற்றுமையில் தொழிலாளர்?

இங்கே நம் இலக்கணம் நமக்குத் துணைசெய்கிறது. தொல்காப்பியம் விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமைகளைக் கூறுகிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் அவ்வாறு உருபேற்பதில்லை. ஆனால் கனடியத் தலைவர்களின் பேச்சுகளைத் தமிழாக்கும்போது நாம் உருபிட்டே ஆகவேண்டும். அப்போது அங்கே மறைந்திருப்பது இங்கே வெளிப்படுகிறது. தேர்தற் காலத்தில் தொழிலாளர் விளிக்கப்படுகிறார்: ‘உழைக்கும் மக்களே!’ வாக்குறுதிகளில் நான்காம் வேற்றுமை ஏற்கிறார்: அவருக்கு வேலை தருவோம். எதிரியைத் தாக்கும்போது இரண்டாம் வேற்றுமை: அவரைக் கைவிட்டார்கள். முதல் வேற்றுமையில், தாமே முடிவெடுத்துச் செயலாற்றும் எழுவாயாக, அவர் எப்போது நின்றார்?

1919 மே மாதத்தில் வினிப்பெக் நகரில் ஏறத்தாழ 30,000 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆறு வாரம் அந்நகரின் இயக்கம் அவர்கள் கையில் இருந்தது. அவ்வாக்கியத்திற்கு அவர்களே எழுவாய். அங்கே கைதானவர்களுள் ஒருவரான ஜே. எஸ். உட்ஸ்வொர்த் தலைமையில் பின்னர்க் கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு என்ற கட்சி உருவானது. முதலாளித்துவத்தை அகற்றுவதே தன் இலக்கு என்று அது 1933இல் ரெஜைனா நகரில் வெளிப்படையாக அறிவித்தது. 1961இல் அக்கட்சியும் தொழிற்சங்கப் பேரவையும் இணைந்தே புதிய சனநாயகக் கட்சியை அமைத்தன. 1972 தேர்தலில் அதன் தலைவர் டேவிட் லூயிஸ், ஏழைகளை இழிக்க வழங்கிவந்த ‘அரசு உதவியில் வாழும் சோம்பேறிகள்’ என்ற வசையை, வரிச்சலுகையும் மானியமும் பெறும் பெருநிறுவனங்களின் மேல் திருப்பினார். ஒரு சொல்லை இடம்மாற்றியதால், யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கேள்வி பொதுமேடைக்கு வந்தது. கட்சி 31 இடங்களை வென்றது. சிறுபான்மை அரசு அதன் ஆதரவை நாடவேண்டியிருந்தது.

அதன்பின் அகராதி மாறியது. 2015 தேர்தலில் லிபரல் கட்சியின் தலைமைச் சொல் நடுத்தர வர்க்கம். 2019இல் நடுத்தர வர்க்கத்தின் செழிப்புக்கென ஓர் அமைச்சரே அமர்த்தப்பட்டார். தொழிலாளி என்ற சொல்லுக்கு எதிரே முதலாளி என்ற சொல் தானே வந்து நிற்கும். நடுத்தர வர்க்கம் என்பதற்கு எதிரே யாரும் வந்து நிற்பதில்லை. அச்சொல் ஒருவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதைக் கூறும். யாருக்காக உழைக்கிறார் என்பதைக் கூறாது.

நீதி என்ற சொல் நீங்கிய கதை

சொல்லின் மாற்றம் வாழ்க்கையை எவ்வாறு தொடுகிறது என்பதற்கு ஒரு வரலாற்றைக் காண்போம். அளவுக்கு மீறிய மீன்பிடிப்பால் காட் மீன்வளம் குன்றவே, 1992 ஜூலை 2ஆம் நாள் கூட்டரசு நியூஃபவுண்ட்லாந்தின் வட காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தனர். உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரப்பட்டன. ஆனால் பயிற்சி பெற்றவர்க்கு ஊரில் வேறு வேலை இல்லை. 1991இல் ஏறத்தாழ 568,000 ஆக இருந்த அம்மாகாணத்தின் மக்கள்தொகை 2001இல் 513,000 ஆகக் குறைந்தது. வெளியேறியவர்களுள் பலர் ஆல்பர்ட்டாவின் எண்ணெய்த் தொழிலுக்குச் சென்றார்கள். ஃபோர்ட் மெக்மரியை நியூஃபவுண்ட்லாந்தின் இரண்டாம் பெரிய நகரம் என்று வேடிக்கையாகச் சொல்வதுமுண்டு. 2014இல் பீப்பாய் ஒன்று 100 டாலருக்குமேல் விற்ற எண்ணெய் 2016இன் தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. பலர் மீண்டும் வேலையிழந்தனர். அவ்வாண்டு மே மாதத்திலேயே காட்டுத்தீயால் மெக்மரியின் 80,000க்கும் மேற்பட்ட மக்கள் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. ஒரே தலைமுறையில் இரண்டு சரக்குகளின் வீழ்ச்சியைக் கண்ட குடும்பங்கள் அங்கே உண்டு.

இத்தகையோர்க்காகவே நீதியான மாற்றம் என்ற தொடர் பிறந்தது. அதனை உருவாக்கியவை வட அமெரிக்கத் தொழிற்சங்கங்கள். சமுதாய நலனுக்காக ஒரு தொழில் கைவிடப்படுமானால், அதன் சுமை அத்தொழிலில் உழைத்தவர் தலையில் மட்டும் விழக்கூடாது என்பது அதன் பொருள். நிலக்கரி மின்னுற்பத்தியை நிறுத்த முடிவெடுத்த கூட்டரசு 2018இல் இப்பெயராலேயே ஒரு பணிக்குழுவை அமைத்தது. ஆனால் ஆல்பர்ட்டாவில் அத்தொடர் ‘உம் வேலை போகப்போகிறது’ என்பதற்கான மறைமொழியாகவே கேட்கப்பட்டது. 1992ஐ அறிந்தவர்களின் ஐயத்தை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. மாகாண அரசு அத்தொடரை எதிர்த்தது. கூட்டரசும் அதனை மெல்ல விலக்கியது. 2024 ஜூனில் நிறைவேறிய சட்டத்தின் பெயர் நிலைபேறான வேலைகள் சட்டம். அது ஓர் ஆலோசனை மன்றத்தையும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை செயல்திட்டத்தையும் வகுக்கிறது. இன்ன தொழிலாளிக்கு இன்ன ஊதியம் அல்லது ஓய்வூதியம் உறுதி என்று அது கூறவில்லை.

இரு பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். நீதி என்ற சொல் வந்தால், யார் யாருக்கு நீதி செய்யவேண்டும் என்ற கேள்வி உடன்வரும். அங்கே கடன்பட்டவர் ஒருவரும் உரிமையுடையவர் ஒருவரும் உண்டு. நிலைபேறு வேலையின் பண்பைக் குறிக்கும் அடை. அதற்குக் கடன்பட்டவர் எவரும் வேண்டியதில்லை. தொழிலாளர்கள் தாமே எழுவாயாக நின்று படைத்த தொடர் அவர்களாலேயே அஞ்சப்படும் நிலைக்கு வந்து, இறுதியில் சட்டத்தின் பெயரில் இடமின்றிப் போயிற்று.

மற்றொரு குரலையும் நாம் விட்டுவிடலாகாது. வளம் மாகாணத்திற்கு உரியதா, கூட்டரசுக்கு உரியதா என்று கேட்கும்போதே, அந்நிலத்தின் முதற்குடிகள் கேள்விக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். 2018 ஆகஸ்டில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் டிரான்ஸ் மவுண்டன் ஒப்புதலை நீக்கியதற்கு, அவர்களை முறையாகக் கலந்தாலோசிக்காமை ஒரு காரணம். அவர்களும் ஒரே குரலில் பேசுவதில்லை. கிட்டிமாட்டுக்கு எரிவாயு கொண்டுசெல்லும் குழாயை வெட்சுவெட்டன் மக்களின் மரபுவழித் தலைவர்கள் எதிர்த்தார்கள்; அக்குழாயின் வழியில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்குடி மன்றங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன. வளமா சூழலா என்ற இருகூற்றுப் பாகுபாட்டில் இவர்களை அடக்க முடியாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வளமும் வேலையும் பற்றிய ஒரு செய்தியை வகுப்பில் படிக்கும்போது மாணவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவ்வாக்கியத்தின் எழுவாய் யார்? உழைப்பவர் எந்த உருபை ஏற்றிருக்கிறார்? சொல்லப்படாமல் விடப்பட்டவர் யார்? ‘வேலைகள் இழக்கப்பட்டன’ என்ற செயப்பாட்டுவினையைக் கண்டால், நீக்கியவர் யார், எதற்காக நீக்கினார் என்று தேடச் சொல்லுங்கள். எழுவாய், பயனிலை, வேற்றுமை ஆகியவை தேர்வுக்காக மட்டும் கற்கப்படுபவை அல்ல என்பதை மாணவர்கள் அப்போது தாமே காண்பார்கள். நாளை அவர்களும் ஏதேனும் ஒரு தொழிலில் உழைப்பவர்களாவார்கள். தம்மைப் பற்றிப் பிறர் பேசும் வாக்கியங்களைப் பகுத்தறியும் ஆற்றல் அன்று அவர்களுக்குத் தேவைப்படும்.