வார்சாவின் ‘பழைய நகரம்’ பழையதா?

போலந்தின் தலைநகர் வார்சாவுக்குச் செல்லும் சுற்றுப்பயணிகள் தவறாமல் பார்ப்பது பழைய நகரச் சதுக்கம். கல் பாவிய தெருக்கள், வண்ணம் பூசிய வீடுகள், நடுவே வாளேந்திய கடற்கன்னி சிலை. முந்நூறு, நானூறு ஆண்டுப் பழமை என்று கண் நம்பிவிடும். ஆனால் அந்தச் சதுக்கம் 1953-இல் மீண்டும் கட்டித் திறக்கப்பட்டது!

1944-இல் நாஜிப் படையை எதிர்த்து நகர மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 63 நாள் போராடித் தோற்றார்கள். அதற்குத் தண்டனையாக, வீடு வீடாகத் தீயிட்டும் வெடிவைத்தும் நகரையே தகர்த்தார்கள் ஜெர்மானியர்கள். வரலாற்று மையத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தது.

போர் முடிந்ததும் மக்கள் இடிபாடுகளைக் கிளறிச் செங்கல் பொறுக்கினார்கள். போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் வரைந்த அளவுப் படங்கள் தப்பிப் பிழைத்திருந்தன. 18-ஆம் நூற்றாண்டில் பெலோட்டோ என்ற இத்தாலிய ஓவியர் தீட்டிய நகரக் காட்சிகளும் கைகொடுத்தன. ஓவியத்தைப் பார்த்து வீடு கட்டிய அதிசயம் அது!

“நகலைப் பார்க்கவா இவ்வளவு செலவு?” என்று எதிரணியினர் கேட்கலாம். யுனெஸ்கோ அப்படி நினைக்கவில்லை. 1980-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழமைக்காக அல்ல, மீட்டுக் கட்டியதற்காக.

அரச மாளிகைக்குள் போகிறவர்கள் சுவர்களை நின்று கவனிக்க வேண்டும். இடிபாடுகளில் மீட்ட பழைய கல்துண்டுகளைப் புதிய கட்டடத்திலேயே பதித்திருக்கிறார்கள்.