ஒரு தாய் எழுதிய கடிதங்கள்

(நம் சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகள் கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்துவிடுகின்றனர் என்று தாய்மார் கூறுவதை யாம் பள்ளியிற் பலகாலும் கேட்டிருக்கின்றோம். ஆனால், அக்குழந்தை எத்திங்களில் நடந்தது, முதற்கண் யாது மொழிந்தது என்று வினவினால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. இஃது அன்பின் குறைவன்று, வேலையின் மிகுதியே. அத்துணை வேலைக்கிடையிலும் மறவாது எழுதிவந்த தாய் ஒருவரைப் பற்றிச் சில கூறப் புகுந்தோம்.

பிரெஞ்சு தேசத்து அலான்சோன் நகரில் வாழ்ந்த செலி மார்த்தேன் அம்மையார் 1831-ஆம் ஆண்டிற் பிறந்தவர், கத்தோலிக்க சமயத்தினர். சிறுமலர் என்று நம்மவரும் போற்றும் லிசியே நகர்த் தெரேசம்மாளை ஈன்றவர் இவரே. லேஸ் என்னும் நூற்பின்னல் வணிகம் இவரது தொழில். அவ்வூர்ப் பின்னலில் ஒரு சதுர சென்டிமீட்டர் முடிவதற்கு 7 மணி நேரம் வேண்டுமென்பர். பெண்டிர் பலர் தத்தம் வீடுகளிற் பின்னிக் கொணரும் துண்டுகளைத் தையல் தெரியாவண்ணம் இணைப்பது அம்மையார் பணி. கடிகாரக் கடை வைத்திருந்த கணவர் 1870-இல் அதனை விற்றுவிட்டு மனைவியின் வணிகத்திற்குத் துணைநின்றார். (இதனை இங்குள்ள ஆடவரும் செவிக்கொள்க.)

அம்மையார் பெற்ற மக்கள் ஒன்பதின்மர். ஆண்மக்கள் இருவரும் ஓராண்டு நிரம்பு முன்னரே மறைந்தனர். 1870-ஆம் ஆண்டு ஒன்றிலேயே பெண்மக்கள் இருவர் இறந்தனர். அவருள் எலேன் என்பாள் ஐந்து வயதினள். எஞ்சியோர் பெண்கள் ஐவர். மக்கள் விரைந்து வளர்கின்றனரே என்று வருந்தும் தாயர், வளராமலே போன நால்வரைப் பெற்ற இவரைச் சிறிது எண்ணிப் பார்ப்பாராக. இவர்க்குக் குழந்தையின் ஒவ்வொரு திங்களும் கைவந்த செல்வமாயிருந்தது.

நிற்க. மூத்த பெண்கள் மரியாளும் பவுலினும் லெ மான் நகரத்துக் கன்னியர் மடத்துப் பள்ளியில் தங்கிப் பயின்றனர். வீட்டிலுள்ள இளையோர் வளர்வதை அவர்கள் காணவியலாதன்றோ? ஆகவே தாய் கடிதங்களில் வரைந்தனுப்பினார். கடைக்குட்டியாகிய தெரேசாள் 1873-இற் பிறந்தவள். உடல் நலிந்தமையால் நாட்டுப்புறத்துச் செவிலி ஒருத்தியிடம் ஓராண்டு வளர்ந்தாள். திரும்பி வந்த பின்னர், படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் 'அம்மா' என்று அழைப்பாளாம். தாய் ஒருமுறை விடையிறுக்க மறந்தாலும் முன்னும் செல்லாள், பின்னும் செல்லாள், அங்கேயே நிற்பாள். தந்தை கட்டிய ஊஞ்சல் விரைந்தாடாவிடில் அழுவாள். பிடிவாதத்தையும் தாய் மறைத்திலர். இவள் இல்லையென்றால் எவராலும் அசைக்கவொண்ணாது என எழுதினார்.

நம் புலவர் பிள்ளைத்தமிழில் காப்பு முதலாகப் பத்துப் பருவம் வகுத்தனர். பெண்பாற் பிள்ளைத்தமிழில் ஊசற் பருவமும் உண்டு. எனினும் அவர் பாடியது தெய்வக் குழந்தையையும் தலைவர் குழந்தையையுமே. அங்கே பிடிவாதத்திற்கும் அணி செய்துவிடுவர். பின்னல் தைத்த கை ஓய்ந்தபின் இத்தாய் வரைந்த உரைநடையில் அணியில்லை. குழந்தை மட்டும் உண்டு. எமக்கு இதுவே இனிக்கின்றது, புலவர் பொறுத்தருள்க.

ஒருநாள் அச்சிறுமி தாயைக் கட்டித் தழுவி, அவர் இறந்துபோக வேண்டுமென விரும்பினாள். திடுக்கிட்டுக் கடிந்தோரிடம், மோட்சம் புகுவதற்கு இறத்தல் வேண்டுமன்றோ என்றாள். இதனையும் தாய் எழுதினார். மார்பிற் கண்ட புற்றுநோயால் 1877, ஆகஸ்டு 28-இல் அவர் இறந்தபொழுது தெரேசாளுக்கு ஐந்தாண்டும் நிரம்பவில்லை. அவர் தம் மக்கள் வளர்ந்து முடிந்ததைக் கண்டாரல்லர்.

பின்னாளில் ஐவரும் துறவு பூண்டனர். தாயின் கடிதங்களைப் பவுலின் போற்றி வைத்திருந்தாள். 1895-இல், லிசியே மடத்தில் தலைவியாயிருந்த அவள், தங்கை தன் இளமையை எழுதுமாறு பணித்தாள். தெரேசாளுக்கு அப்பொழுது இருபத்திரண்டு வயது. தன் மழலைப் பருவத்தை எழுதப் புகுந்தவள், தமக்கை தந்த கடிதங்களைப் பிரித்தாள்; படிக்கட்டில் நின்று தான் அழைத்த செய்தியைத் தாய் எழுதியவாறே தன் ஏட்டிற் பெயர்த்தெழுதிக் கொண்டாள்.